சேவியர் அண்ணன் எழுதாத பதிவு

போன புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். புறநோயாளிகள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சேவியர் அண்ணனின் மகள் அமலியிடமிருந்து போன் வந்தது. வரிசை வாசல்வரை நின்றதால் எடுக்கவில்லை. உடனே மறுபடி அடித்தது. "சித்தப்பா, அப்பா போயிட்டாரு. காபி குடிச்சிக்கினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். அதற்குப் பிறகும் நான் ஏழெட்டுச் சீட்டு எழுதியிருக்கிறேன். யார் பெயரை எழுதினேன் என்று நினைவில்லை.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேன் ஓட்டினார். கடைசி ஆறு ஆண்டுகள் கல்வராயன் மலையில் உள்ள எங்கள் சிறிய மருத்துவ மையத்தில் ஜீப் ஓட்டினார். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு போடும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மேலாளரைத் தாக்கி இணையத்தில் எழுதியதால் மலைக்குத் தூக்கியடிக்கப்பட்டவர் என்றும் அவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மற்றதெல்லாம் சரி. அது மட்டும் பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் முதன்முதலாக டச் போன் வாங்கியபோது சமூக வலைத்தளத்தில் அவருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவன் நான். "எனக்கு இதெல்லாம் வராது தம்பி. நான் படம் புடிச்சி அனுப்பறேன், நீ போட்டுடு" என்றார். கடவுச்சொல் எங்கள் இருவருக்கும் தெரியும். கோமுகி அணை நிரம்பிய காலை, மாதா கோயில் தேர், கரும்பு ஏற்றிய டிராக்டரின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை என்று வாரம் இரண்டு மூன்று படங்கள் அனுப்புவார். மனிதர்களை மட்டும் கேட்காமல் எடுக்க மாட்டார். ஒருமுறை பலாப்பழம் சுமந்து வந்த ஒரு பெண்ணைக் காட்டி, சும்மா ஒன்று எடுங்கள் என்றேன். "அந்தம்மா மூஞ்சி அந்தம்மாளுது தம்பி. கேட்டுட்டுத்தான் எடுக்கணும்" என்று வேனிலிருந்து இறங்கிப் போய்க் கேட்டார். அந்தப் பெண் வேண்டாம் என்றாள். சரி என்று திரும்பி வந்துவிட்டார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் கீழ்த்தளத்து வார்டில் குடிதண்ணீர் இல்லை. நோயாளிகளுடன் வந்தவர்கள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தார்கள். மேலாளரிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, "சீட்டு எழுதறதோட நிறுத்திக்கோ" என்றார். அன்று மதியம் டீக்கடையில் உட்கார்ந்து, தண்ணீரைப் பற்றியும் குளுகுளு அறைக்குள் இருக்கும் மேலாளரைப் பற்றியும் காரமாக எழுதினேன். என் கணக்கில் போடப் பயமாக இருந்தது. அண்ணனுடைய கணக்கு என் போனில் திறந்தே இருந்தது. அதில் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வேனுக்கருகே வந்து பலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, நான் வெளியே நின்றிருந்தேன்.

"நான் எழுதல சார்."

"உன் ஐடிதானே? நீ எழுதலன்னா வேற யாரு எழுதினா?"

கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தான் எழுதவில்லை என்பது அவருக்குத் தெரியும். மிச்சம் இருப்பவன் யார் என்று யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"தெரியல சார்" என்றார்.

அடுத்த வாரம் வார்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது. அண்ணன் மலைக்குப் போனார். ஓராண்டில் திரும்ப அழைத்துக்கொள்வதாகவும், அந்தக் கணக்கை உடனே அழித்துவிட வேண்டும் என்றும் மேலாளர் சொல்லியிருந்தார். அமலி அப்போது பிளஸ் டூ. தினமும் டியூஷன் முடிந்ததும் அப்பாவின் வண்டியில்தான் வீடு திரும்புவாள். அந்த நேரத்துக்கு அவர்கள் ஊருக்கு பஸ் கிடையாது. டியூஷன் நின்றுபோனது.

மலைக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "தம்பி, அந்த ஐடிய மொத்தமா அழிச்சிடு. சும்மா மூடி வெக்கிறது வாணாம்."

இரண்டும் வேறு வேறு. தற்காலிகமாக முடக்கினால் பெயரும் படமும் மறையும், அவ்வளவுதான். கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனால் எல்லாம் பழையபடி ஊர் கண்ணுக்குத் தெரியும். நிரந்தரமாக நீக்குவதற்கு வேறு பொத்தான். உறுதிதானா என்று கேட்கும், முப்பது நாள் தவணை கொடுக்கும். அதற்குள் நாம் மனம் மாறித் திரும்பாவிட்டால் துடைத்துவிடும். எனக்கு இரண்டும் தெரியும். நான் முடக்கி மட்டும் வைத்தேன்.

காரணம் சொல்லக் கூசுகிறது. அந்தப் பதிவின் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள். 'ஊருக்கு ஒரு தைரியசாலி இருக்கிறார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எனக்குரிய பாராட்டு என்று நினைத்தேன். மனம் சோர்ந்த நாட்களில் உள்ளே போய் அவற்றைப் படிப்பேன். படித்துவிட்டு மறுபடி முடக்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முடக்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை மேலாளர் கண்ணில் பதிவு பட்டது. வேண்டுமென்றே மறுபடி போட்டிருக்கிறான் என்று நினைத்தார். அண்ணன் திரும்பி வர ஒரு மாதம்தான் இருந்தது. அதை ரத்து செய்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டுக்கு என்னை வரச் சொன்னார்.

"இன்னா தம்பி, அந்த ஐடி திரும்ப வந்துடுச்சாமே?"

"நான் அப்பவே அழிச்சிட்டேண்ணே. சில சமயம் தானா வந்துடும்."

"தானா வருமா?"

"சர்வர்ல கோளாறா இருக்கும்ண்ணே."

என் முகத்தையே பார்த்தார். "சரி. இன்னொரு வாட்டி பாத்துடு தம்பி" என்று சொல்லிவிட்டு மலை பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அன்றே நிரந்தரமாக நீக்கக் கொடுத்தேன். முப்பது நாளும் அந்தப் பக்கமே போகவில்லை. பதிவு ஒழிந்தது. அதோடு அவர் எடுத்த படங்கள் அத்தனையும் ஒழிந்தன. அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. அவருடைய பழைய போன் தண்ணீரில் விழுந்து கெட்டிருந்தது. பிற்பாடு, "படமெல்லாம் இருக்குதா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவால்ல, அந்தக் காக்கா படம் மட்டும் நல்லாருந்துச்சி" என்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு மருத்துவ முகாமுக்காக மலைக்குப் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு அவர் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு வாயைத் திறந்து மூடினேன். கடைசியில் அவரே பேசினார். "நீ எழுதினதுல பொய் இல்ல தம்பி. தண்ணி வந்துச்சி இல்ல? ஒம் பேரப் போட்டிருக்கணும். அவ்ளோதான்."

"ஆமாண்ணே" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. புளிமூட்டையோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்காக அவர் ஜீப்பை நிறுத்தினார். பேச்சு அதோடு போயிற்று. கீழே இறங்கி மேலாளரிடம் உண்மையைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இப்படியே நான்கு ஆண்டுகள் ஓடின.

அடக்கத்துக்கு மேலாளர் மாலையோடு வந்திருந்தார். அஞ்சலிப் பலகையில் இருந்தது ஓட்டுநர் உரிமத்துப் படம். பெரிதாக்கியதில் முகம் மங்கலாகத் தெரிந்தது. "தங்கமான மனுஷன். அந்த ஒண்ண மட்டும் எழுதாம இருந்திருக்கலாம்" என்றார் மேலாளர். பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் பேசவில்லை.

எல்லோரும் போனபின் அமலியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் சித்தப்பா. அப்பா அப்பவே சொல்லிட்டாரு. அவனா வந்து சொல்லுவான், அதுவரைக்கும் நீ கேக்கக்கூடாதுன்னாரு." கொஞ்சம் பொறுத்து, "அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம் நீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்யப்போகிறார் என்று தெரியாது. எதுவானாலும் சரி.

சேவியர் அண்ணன் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் ஆறு ஆண்டுகள் எனக்காகக் காத்திருந்தார் என்பதை மட்டும்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு தினமும் பஸ் இருந்தது. இரண்டு மணி நேரப் பயணம்தான்.

பரந்தாமன்
புறநோயாளிகள் சீட்டுப் பிரிவு