ஐந்து செல்போனில் ஒரே பெயர்

கருப்பண்ணனின் முதல் அடி ஜெயசுதாவின் வலது மணிக்கட்டில் விழுந்தது. மண்வெட்டிக் காம்பு. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடியில் கம்ப்யூட்டர் திரை நொறுங்கியது.

“எம்பட தோட்டத்துல நான் எப்ப மருந்தடிச்சேன்? சொல்லு புள்ள.”

அரியூர் நாட்டு மிளகுச் சங்கத்தில் ஏழு வருடமாக எழுத்து வேலை பார்ப்பவள் ஜெயசுதா. முன்பெல்லாம் குழு உறுப்பினர்கள் ஐந்து பேரின் பையிலும் ஐந்து விதமான தோட்டப் பட்டியல் இருக்கும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. நாமக்கல்லில் பயிற்சி முடித்து வந்தவள், எல்லோரும் செல்போனிலேயே திறந்து திருத்தும் ஒரே பட்டியலைக் கொண்டுவந்தாள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதிலேயே பதிவாகும். பழையபடி மீட்டுக்கொள்ளவும் முடியும். ஆனால் ஆளுக்கொரு பெயரில் தனிக் கணக்கு திறந்து தருவதற்குள், “எங்களுக்கெதுக்கு கண்ணு அதெல்லாம், உன்னுதையே போட்டுக் குடு” என்று ஐந்து பேரும் உயிரை எடுத்தார்கள். ஐந்து போனிலும் தன் பெயரையே போட்டுத் தந்தாள். சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை.

மருந்தடிக்காத மிளகை மட்டுமே வாங்கும் கொள்முதல் லாரி, அன்று காலை கருப்பண்ணனின் மிளகை மட்டும் ஏற்றாமல் போய்விட்டது. பட்டியலில் அவர் தோட்டத்துக்கு நேரே ‘பூச்சிமருந்து அடித்தது’ என்றிருந்தது. மாற்றியவர் ஜெயசுதா என்றும் இருந்தது. ஒரு வருட விளைச்சல் போன ஆத்திரத்தில் ஆபீசுக்கு ஓடிவந்தார். பின்னாலேயே குழுவும் வந்தது. ஒருவரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அடியைவிட எரிந்தது.

காம்பு மூன்றாம் முறை தலைக்கு நேரே ஓங்கியது.

“எப்ப மாத்துனதுன்னும் அதுல இருக்கும்ண்ணா. நேரத்தப் படிக்கச் சொல்லுங்க.”

குழுத் தலைவர் அர்த்தனாரி செல்போனைக் கண்ணருகே கொண்டுபோனார். “செவ்வாக்கெழம, காலைல ஒம்பதே முக்கால்.”

காம்பு அப்படியே நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமை தோட்டத்தைப் பார்வையிட வந்த ஜெயசுதா, கருப்பண்ணன் மிளகு பறித்து முடிக்கும்வரை அவர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டிலிருந்து பத்து மணி வரை.

“அந்தக் கையவா அடிச்சேன்,” என்றார் அவர்.

அவள் அழவில்லை. இடது கையை நீட்டினாள். “அஞ்சு பேரும் போனக் குடுங்க. இனி அவங்கவங்க பேருதான் வரணும்.”

நான்கு போன்கள் மேசைக்கு வந்தன. குழந்தைசாமி மட்டும் தன்னுடையதை மடியில் செருகினார். “எனக்கெதுக்குங்க தனியா? பழசே இருக்கட்டும்.” சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தார். வரப்புத் தகராறில் இரண்டு வருடமாகக் கருப்பண்ணனோடு பேசாத பக்கத்துத் தோட்டக்காரர் அவர்.

கருப்பண்ணன் காம்பைப் போட்டுவிட்டு வெறுங்கையால் அறைந்தார். முதல் அறையிலேயே பல் தெறித்தது. “வரப்பத் தள்ளி வெட்டுனயில்ல, அதான் எழுதுனேன்,” என்று கத்தினார் குழந்தைசாமி. அதன் பிறகு கருப்பண்ணன் முகம் என்றும் வயிறு என்றும் பார்க்கவில்லை.

“விடுங்கண்ணா” என்று சொல்ல ஜெயசுதா வாயெடுத்தாள். தொங்கிய கையைப் பார்த்தாள். சொல்லவில்லை. குழந்தைசாமி தரையில் சுருண்டு அசையாமல் கிடந்த பிறகுதான் சொன்னாள்.

பட்டியலைத் திங்கட்கிழமை இருந்தபடி மீட்க அரை நிமிடம் ஆனது. மறுநாள் லாரி திரும்ப வந்தது. அவள் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. இப்போது இடது கையால் எழுதுகிறாள்.

குழந்தைசாமியை அடித்ததைப் பற்றிப் போலீஸ் விசாரித்தபோது, “எத்தன அடின்னு நான் பாக்கலீங்க,” என்றாள். ஏழு அடி. ஒவ்வொன்றையும் எண்ணியிருந்தாள்.