யாருக்கும் கேட்காத கிட்டார்

நான் குடியிருக்கும் ஜெர்மன் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனிச் சட்டம் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வாக்குவம் கிளீனர் போடக் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூட அனுமதி இல்லை, விழுகிற சத்தம் கேட்குமாம். இதற்கு 'ரூஹெடாக்' என்று பெயர், அமைதி நாள். வந்த புதிதில் இதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்து ஊரில் இருந்த சிநேகிதிகளுக்கெல்லாம் எழுதினேன். இப்போது அப்படி எழுத மாட்டேன். போன மாதம் என் தபால் பெட்டியில் ஒரு மஞ்சள் தாள் கிடந்தது. கீழ்வீட்டு ஹெர் வோல்ஃப் போட்டது. ஸ்கேல் வைத்துக் கட்டம் இழுத்து, மூன்று வாரத்துக்குத் தேதியும் மணியும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல்லை எழுதியிருந்தார்: தட்டல். ஓய்வு பெற்ற மனிதர், தனியாக இருக்கிறார், மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்து வணக்கம் சொல்வார். அவரை எனக்குப் பிடிக்காது. கட்டுரை முடிவதற்குள் நாங்கள் சேர்ந்து காபி குடித்துச் சமாதானமாகிவிடுவோம் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தத் தட்டல் என் வலது குதிகால். நான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன், அதுவும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அந்தக் கம்பிகளுக்குச் சொந்தக் குரல் கிடையாது. சீப்பின் பல்லை நகத்தால் சுண்டினால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஒயர் வழியாகச் சின்ன ஆம்ப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து என் காதுக்குள் வந்துவிடும். உள்ளே இடி இடிக்கும், அறையில் ஒன்றும் இருக்காது. தாளத்துக்குக் கால் தரையைத் தட்டுவது மட்டும் எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. விளக்கம் சொல்லலாம் என்று, வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு அவர் வீட்டு மணியை அழுத்தினேன். "கிட்டார்" என்றேன். "கிட்டார் எதுவும் எனக்குக் கேட்கவில்லையே" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டி, காதைத் தொட்டுக் காட்டி, "கோப்ஃப்ஹோயரர், கோப்ஃப்ஹோயரர்" என்றேன். ஜெர்மனில் ஹெட்போன் என்று அர்த்தம். அவர் முகம் சிவந்துவிட்டது. "என் சொந்த வீட்டில் நான் எதற்கு ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும்?" என்று கத்திவிட்டுக் கதவை மூடினார். அடுத்த வாரம் கட்டட நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தட்டுவதோடு, முதியவரைக் காதை மூடிக்கொள்ளச் சொல்லி அவமதித்ததாகவும் அதில் இருந்தது.

கடிதத்தைப் படித்தபோது முன்பு நாங்கள் குடியிருந்த அயனம்பாக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. அது இனிமையான நினைவு அல்ல. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். தென்காசிப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இரும்புத் தகடுகளை அடிக்கும் சத்தத்தில் நின்று நின்று அவருக்குப் பாதிக் காது போயிருந்தது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். நானும் அவருமாக அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பின்னால், முனிரத்தினம் என்பவரின் வீட்டு மாடியில் குடியேறினோம். முனிரத்தினத்தின் குடும்பம் அங்கே பரம்பரையாகப் பயிர் செய்தது. நிலம் மனைகளாகிப் போனபின் அந்த வீடும், வாடகையும், யார் வருகிறார் யார் போகிறார் என்று வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்க்கும் வேலையும் அவருக்கு மிஞ்சின. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் போன சக ஊழியர் ஒருவர் தன் சிவப்பு கிட்டாரையும் ஆம்பையும் என்னிடம் விற்றுவிட்டுப் போனார்.

"வயசுப் பொண்ணு இருக்க வீட்டுல இருந்து சத்தம் வெளிய போச்சுன்னா பாத்துக்க" என்றார் அப்பா. அதனால் ஹெட்போன். சனி, ஞாயிறு பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிப்பேன். கிட்டார் ஜன்னல் கட்டைக்குக் கீழே மடியில் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டும் ஒரு பெண் மட்டும்தான் தெரிவாள். யோசித்துப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கவில்லை. எனக்கு அந்த வீட்டிலும் தெருவிலும் சொந்தமாக இருந்த ஒரே இடம் அந்த இரண்டு பஞ்சு வட்டங்களுக்குள்தான் இருந்தது.

நூம்பலில் இருந்து ஒரு வரன் வந்தது. பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருக்கிறார்கள். கேட்டருகே நாற்காலியில் முனிரத்தினம் இருந்திருக்கிறார். பத்து நாள் கழித்துத் தரகர் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பாவின் காதுக்காக அவர் கத்திச் சொன்னது தெருவுக்கே கேட்டது. பெண்ணுக்குப் புத்தி சரியில்லை, தனியாகத் தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டாராம். அந்த மாப்பிள்ளை மீது எனக்கு ஒரு ஆசையும் இல்லை. ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது. நேரே கீழே இறங்கினேன்.

"என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?" என்றேன்.

முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னாம்மா, கண்ணால பாத்தத சொன்னேன். ஒரு பாட்டு கேக்கல, ஒரு பேச்சு கேக்கல. நாள் பூரா மண்டைய ஆட்டிகினு கீற. நாளைக்கு கட்டிக்கினு போய் அவன் லோல்பட்டான்னா, ஏன் நைனா முன்னாடியே சொல்லலன்னு என்னியத்தான கேப்பான்?"

மாலை ஐந்து மணி இருக்கும். பள்ளி வேன்கள் வந்துகொண்டிருந்தன. மாடிக்குப் போனேன், ஆம்பைத் தூக்கி ஜன்னல் கட்டையில் தெருவைப் பார்க்க வைத்தேன், ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கினால் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். குமிழைக் கடைசி வரை திருப்பிவிட்டு அடித்தேன்.

இரண்டு வருஷமாகக் காதுக்குள் நான் பெரிய ஆளாக இருந்தேன். வெளியே வந்த சத்தம் வேறு யாருடையதோ போல இருந்தது. தகரக் கூரையை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் போல. விரல் கம்பி மாறி விழுந்தது, தெரிந்த பாட்டே தெரியாமல் போயிற்று. அப்படியும் நிறுத்தவில்லை. எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரோ செல்போனை உயர்த்திப் பிடித்தார்கள். முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்து வாசலில் நின்றார். நான் வாசித்து முடிக்கும்வரை கேட்டார். பிறகு மிகவும் நிதானமாகச் சொன்னார்:

"இத்தான் இவ்ளோ நாளா வாசிச்சிகினு இருந்தியா? மெண்டல்னு சொன்னது தப்புதாம்மா. வாபஸ் வாங்கிக்கிறேன். மாசக் கடைசிக்குள்ள ஊட்ட காலி பண்ணிடு."

அவர் இறங்கிப் போனபின் அப்பா உள்ளே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, "நல்லாவாது வாசிச்சிருந்தா பொறுத்துருப்பேன்ட்டி" என்றார். "என் பாதிக் காதுக்கே தப்பு தெரியுது."

அன்றிலிருந்து போன வாரம்வரை ஒரு மனிதருக்கும் நான் வாசித்துக் காட்டியதில்லை. அப்பா ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையில், பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை பிடித்தார். என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குள் எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. அவர் தடுக்கவில்லை. அதுதான் வலித்தது. சிவப்பு கிட்டாரை விமானத்தில் ஏற்றக் கட்டிய பணத்தில் இங்கே புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம் என்றார்கள். எனக்குப் புதிது வேண்டாம். தப்பில்லாமல் வாசிக்க வேண்டும், அதுவும் இதே கிட்டாரில். இங்கிருப்பவர்கள் சிலர், "உங்கள் நாட்டில் சிதார்தானே வாசிப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். ஊரில் கேட்டது, "பொண்ணுக்கு எதுக்கு இது?" என்று. இரண்டு கேள்விக்கும் என்னிடம் மரியாதையான பதில் இல்லை.

கடிதம் வந்தபின் காலுக்கடியில் தடித்த கம்பளம் ஒன்றை விரித்தேன். அதன் பிறகும் மஞ்சள் தாள் நின்றபாடில்லை. இப்போது நான் நடப்பதையும் குறிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக நான்தான் அழைப்பேன். காதில் மெஷின் மாட்டியிருக்கிறாராம், நண்பர் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தாராம். சாப்பிட்டாயா, குளிரா என்றெல்லாம் கேட்டு முடித்தார்.

"அது இருக்கா இன்னும்?" என்றார்.

"இருக்குப்பா."

"வாசி. எப்படித்தான் வாசிக்கன்னு பாப்போம்." குரலில் கனிவு எதுவும் இல்லை. பரீட்சை வைப்பவரின் குரல்.

ஞாயிற்றுக்கிழமை, ஆம்பின் ஸ்பீக்கரைப் போட முடியாது. போனை மேஜையில் வைத்தேன். ஹெட்போனின் ஒரு பக்கத்தைப் போனின் மைக் மீது அழுத்தி, ஒரு புத்தகத்தை முட்டுக் கொடுத்தேன். மறு பக்கத்தை இழுத்து, கழுத்தைச் சாய்த்து, என் இடது காதை அதில் வைத்துக்கொண்டேன். முதுகு வளைந்து, கன்னம் மேஜையில் பட, அந்தக் கோணலில் இருந்தே, அன்றைக்கு ஜன்னலில் தப்பிப்போன அதே பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். கால் அசையவில்லை. ஒரு தப்பும் வரவில்லை. எனக்குத் தெரியும், வரவில்லை.

"கேக்குதாப்பா?" என்றேன்.

"என்னது?"

"கேக்குதா? அப்பா, கேக்குதா?" அந்த மெஷினையும் ஐயாயிரம் மைலையும் தாண்ட வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கீழிருந்து துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தார் ஹெர் வோல்ஃப். ஒன்று, இரண்டு, மூன்று. மேஜை அதிர்ந்தது. போனுக்குள் அப்பா, "ஒண்ணும் கேக்கலட்டி, சத்தமா வையி" என்றார்.