அக்காவை ஏற்றிச் செல்லாத கார்

மாரி காலத்தில் எங்கள் வீட்டில் பொழுது விடிவது பெற்றோல் மணத்தோடுதான். இரவெல்லாம் பெய்த மழையில் கிடுகுக் கொட்டிலுக்குள் விறைத்துக் கிடக்கும் பழைய காரை அப்பா எழுப்ப முயலும்போது முதலில் ஒரு முனகல் கேட்கும், பிறகு இருமல் போல இரண்டு சத்தம், அதற்குப் பின்னால் ஈரமணலின் வாசத்தையும் மீறிக்கொண்டு அந்த மணம் விறாந்தை வரை வரும்.

குருக்கள்மடத்தில் அப்பா "ஹயர்" ஓடினார். கல்யாணம், ஆஸ்பத்திரி, களுதாவளைப் பிள்ளையார் கோயில் என்று ஊரார் கேட்ட இடத்துக்கெல்லாம் அந்தக் கார் போய்வந்தது. வெயில் காலத்தில் ஒரு குறையும் வைக்காது. கார்த்திகை பிறந்துவிட்டால் மட்டும் காலையில் அடம்பிடிக்கும். அப்பாவுக்கு அதன் குணம் அத்துப்படி. பொனட்டைத் திறந்து, உள்ளே வயர்கள் வந்து சேரும் கறுப்பு மூடியைப் பழைய சாரன் துண்டால் ஈரம்போகத் துடைப்பார். எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் "சோக்"கை முழுக்க இழுத்துவிட்டு, பெடலில் கால் வைக்காமல் திறப்பைத் துளையில் போட்டுத் திருப்புவார். மூன்று தரம் பார்த்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவார். "இனி அடிச்சா பற்றறிதான் சாகும். கொஞ்சம் விடுங்க, மூச்சு வாங்கட்டும்" என்பார். பெடலை நாங்கள் தொடவே கூடாது. "சும்மா சும்மா மிதிச்சா பெற்றோல் கூடிப்போய் பிளக்கெல்லாம் நனைஞ்சிரும். பிறகு ஆர் வந்தாலும் எழுப்பேலாது" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்படி நனைந்த நாட்களில் பிளக்குகளைக் கழற்றி அம்மாவின் தாச்சியில் போட்டு அடுப்பில் காயவைப்பார். "இனி ரொட்டியும் பெற்றோல் மணக்கும்" என்று அம்மா முணுமுணுப்பார்.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்த அக்காவுக்கு மட்டக்களப்பு நகரில் நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்தது. எடுபட்டால் மூன்று வருடம் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்று அம்மா வேலியடியில் யாரிடமோ சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தலை பின்னிவிடுவதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பதும் அவள்தான். பாயில் அவளுடைய பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குவேன்.

போக வேண்டிய நாள் விடியற்காலையில் மழை விட்டிருந்தது. அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடிக்கு முன்னால் நின்று சேலை உடுத்திக்கொண்டிருந்தாள். நான் கொட்டிலுக்குள் போய், கார்க் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, சீற்றின் நுனியில் கால் எட்டுமட்டும் சரிந்து இருந்துகொண்டு, சோக்கை இழுத்துவிட்டுப் பெடலை மிதித்தேன். எத்தனை தரம் என்று தெரியாது, தொடை வலிக்கும்வரை மிதித்தேன். பிறகு சோக்கை இருந்தபடியே தள்ளிவிட்டுப் போய்ப் பல் தீட்டினேன். விளையாட்டுக்குச் செய்ததென்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு இல்லை. என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கார் போகாவிட்டால் அக்கா போகமாட்டாள் என்று நினைத்தேன்; அப்படியொரு கடிதம் அவளுக்கு இன்னொரு தரம் வராது என்பது மட்டும்தான் தெரியாது.

கார் எழும்பவில்லை. மூன்று தரத்தோடு நிறுத்துகிற அப்பா அன்று பதற்றத்தில் திறப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"பஸ்ஸில போவமா அப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"கொஞ்சம் பொறு மகள், இப்ப எழும்பிரும்."

பிளக்குகள் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தபோது பெரிய ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவற்றைத் திரும்பப் பூட்டியபோது பற்றறியில் உயிர் இல்லை. அம்மாவும் அக்காவும் பின்னால் நின்று தள்ளினார்கள். நானும் சேர்ந்து தள்ளினேன். அதை நினைக்கத்தான் இன்றும் கூசுகிறது. சில்லு ஈரமணலில் புதைந்ததுதான் மிச்சம்.

அடுத்த பஸ்ஸில் அப்பாவும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டும் உள்ளே விடவில்லையாம். அதற்குப் பிறகு சில வருடம் யாரையும் எடுக்கவில்லை. எடுத்தபோது வயது கடந்திருந்தது. அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மூன்று வருடம் பிரிய மாட்டேனென்று நான் மறித்த என் அக்கா, பன்னிரண்டு வருடம் யாரோ ஒருவர் வீட்டில் பிறர் பிள்ளைகளுக்குத் தலை பின்னினாள்.

அப்பா அடுத்த மாரி வருமுன்னே காரை விற்றுவிட்டார். "பிளக்க நேரத்துக்கு மாத்தியிருந்தா என்ட புள்ள இண்டைக்கு நேர்ஸ்" என்று காண்பவர்களிடமெல்லாம் சொன்னார். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாதி ஊசி போட்டுவிட்டு நகரும்போதெல்லாம் அக்காவின் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சிரு மகள்" என்றார். நான் கட்டிலின் மறுபக்கத்தில் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அக்கா இப்போது கணவரோடு ஆரையம்பதியில் இருக்கிறாள்; பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். சென்ற மாரியில் அவளுடைய கணவர் ஒரு கார் வாங்கியிருந்தார். கொட்டும் மழையில் அவர் ஒரு பொத்தானை அழுத்த, அது முதல் தொடுகையிலேயே எழும்பிப் போனது. அவர் போன பிறகு, வாசலில் நின்றபடியே நான் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"எனக்குச் செஞ்சத விடு. நீ அப்ப சின்னப்புள்ள" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில அப்பாட கட்டிலடியில நிண்டாய்தானே. அப்பயும் நீ சின்னப்புள்ளயா?"



எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. தைப்பொங்கலுக்குப் போனேன், அவள் சமைத்துப் போட்டாள், பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டினாள். ஆனால் முன்பெல்லாம் நாங்கள் இருவரும் கூடினால் அப்பாவின் கதைதான். அவர் நடந்ததும் சிரித்ததும் கோபித்ததும் என்று பொழுது போவதே தெரியாது. இப்போது அவளும் தொடங்குவதில்லை, நானும் தொடங்குவதில்லை.