கடகடவென்று வாசித்த பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன், தூத்துக்குடி முத்தையாபுரத்தில் நான் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. என் வகுப்பைத் தாண்டிப் போகிறவர்கள், பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் வாசிப்பதை நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் முன்னால் நிற்கும் குரல் ஒரு சிறுமியுடையது. அவள் அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. பிள்ளை கடகடவென்று வாசிப்பாள். அதனால், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்கப் புன்னைக்காயலிலிருந்து ஓர் இளம்பெண் வந்தபோது, நான் கொடுத்த பட்டியலில் இவள் பெயர் இல்லை.

பட்டியலை வாங்கிக்கொண்ட அந்தப் பெண், எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேனே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சிறுமியின் முறை வந்ததும், பாடத்தின் படத்தைக் கையால் மறைத்து, நடுவில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. முழுப் புத்தகமும் மனப்பாடம். பத்து எழுத்துகூடச் சரியாகத் தெரியாது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் அரைமணி நேரம், வராந்தா மூலையில் அவர்கள் இருவரும். அந்தப் பெண்ணின் பொறுமையைச் சொல்லி மாளாது. பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால், அதன் அடியில் விரலை வைத்தபடி காத்திருப்பாள். நானாக இருந்தால் அதற்குள் மூன்று தடவை எடுத்துக்கொடுத்திருப்பேன்.

நான்கு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டம். சிறுமியிடம் அவள் பார்த்தே இராத கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தோம். எழுத்துக் கூட்டிக் கூட்டி நான்கு வரி வாசித்து முடிப்பதற்குள் பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. அம்மாவின் முகம் வாடிப்போனது.

"முன்ன கடகடன்னு வாசிப்பாளே டீச்சர். இப்ப இப்படித் திக்குதாளே. இனி எம்புள்ள அங்கன தனியா உக்கார வேண்டாம்."

பக்கத்தில் நின்ற அந்தப் பெண் நினைத்திருந்தால் என் குட்டை அங்கேயே உடைத்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தாள். அதுதான் என்னைப் பேச வைத்தது.

"முன்ன அவ வாசிக்கலம்மா. அது மனப்பாடம். அதக் கண்டுபிடிக்காம விட்டது நாந்தான். இப்பத்தான் வாசிக்கா."

அம்மா என்னையே பார்த்தார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். உப்பில் வெடித்த விரலை முதல் சொல்லின் அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இன்றும் என் வகுப்பில் பிள்ளைகள் ஒரே குரலில் வாசிக்கிறார்கள். ஆனால் நான் காது கொடுப்பது, அதில் எந்தக் குரல் திக்குகிறது என்பதற்குத்தான்.