இங்கே ஆள் வருது

இந்த ஊர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு ஜன்னலைத் தேடிப் போகிறார்கள். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்காருவது, வேறு இடமே இல்லை என்று ஆன பிறகுதான். ஸ்காட்லாந்தின் இந்தக் கடலோரச் சிறுநகரத்துக்குப் படிக்க வந்த எனக்கு அது பழகிவிட்டது, சில நாள் பிடித்தும் இருந்தது. போன கோடையில் சென்னையிலிருந்து அம்மா வந்ததும் எல்லாம் மறுபடி விநோதமானது. “ஏன்டி, இவுங்களுக்குள்ள இன்னா சண்டை?” என்று கேட்டாள்.

மூன்று மாதம் இருக்க வந்தவள், மூன்றாவது வாரமே விமான டிக்கெட்டை மாற்றச் சொன்னாள். நான் வகுப்புக்குப் போய்விட்டால் அவளுக்குப் பேச ஆளில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடு கண்ணு” என்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் நான்கு நாளைத் தள்ளிவிட்டேன். படிப்பு முடிகிறவரை நான் ஊருக்குப் போக முடியாது. அவளை இருத்திவைக்க என்னிடம் கடைசியாக மிஞ்சியது ஒரு சினிமாத் தியேட்டர்தான்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது அது. ஒரே திரை. ஊர்க்காரர்களே முறைவைத்து டிக்கெட் கிழிக்கிறார்கள், தேநீர் போடுகிறார்கள். சீட்டுக்கு நம்பர் கிடையாது. பக்கச் சுவர்களில் கிளிஞ்சல் வடிவ விளக்குகள். படம் தொடங்குமுன் கடல் உள்ளே வந்து ஒவ்வொன்றாக ஊதி அணைப்பதுபோல மெல்ல மங்கும். அப்படி மங்கும் விளக்கை அதற்கு முன் நான் பார்த்தது சைதாப்பேட்டையில்.

அங்கே மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த தியேட்டரிலும் எங்கள் டிக்கெட்டுக்கு நம்பர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு, ஆற்றோரச் சந்திலிருந்து பெண்கள் கூட்டமாகப் போவோம். அம்மாதான் முதலில் ஓடுவாள். கர்ச்சீப், துப்பட்டா, ஒயர்கூடை என்று கையில் இருப்பதையெல்லாம் வரிசை முழுக்கப் போட்டுவிட்டு, முனையில் இடுப்பில் கைவைத்து நிற்பாள். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்: “ஆள் வருது.” தண்ணீர் பிடித்து, துணி அலசிப்போட்டு, எல்லம்மா அத்தையும் நூர்ஜகான் அக்காவும் மற்றவர்களும் ஈரக் கையோடு வந்து சேர்வார்கள். சுருக்குச் சுருக்காகத் தொங்கும் திரைச்சீலை இசையோடு மேலே ஏறும். அது ஏறி முடிவதற்குள் நான் யாராவது ஒருத்தி மடியில் இருப்பேன். பிறகு ஆற்றோர வீடுகளை இடித்தார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு பிளாக் கிடைத்தது. தியேட்டர் கல்யாண மண்டபமாயிற்று.

சனிக்கிழமை மேட்னிக்கு அம்மாவை இங்கே கூட்டிப்போனேன். ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு மூலையில். நான் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பினால், அம்மாவின் வரிசையில் ஐந்து சீட்டில் குடை, சால்வை, கர்ச்சீப், என் தொப்பி, பிஸ்கட் பொட்டலம்.

“யாருக்கும்மா?”

“கை தன்னால போட்ருச்சிடி” என்று சிரித்தாள்.

நான் எடுப்பதற்குள் அங்கே வேலைபார்க்கும் மொய்ரா வந்தாள். எழுபது வயதிருக்கும். யாரோ மறந்துவிட்டுப் போனவை என்று நினைத்துக் குடையைக் கையில் எடுத்தாள்.

“அய்ய, வச்சிடும்மா. ஆள் வருது” என்று எழுந்துவிட்டாள் அம்மா.

மொய்ரா என்னைப் பார்த்தாள். அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். “எத்தனை பேர்?” என்றாள். ஐந்து என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. “அப்படியானால் அவர்கள் வந்ததும் தொடங்கலாம்” என்று குடையைப் பழையபடி வைத்துவிட்டு, படம் ஓட்டும் அறையைப் பார்த்துக் கையசைத்தாள்.

மூன்று மணிக் காட்சி. மூன்று ஐந்து ஆயிற்று, மூன்று பத்து ஆயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை.

“ஏன்டி இன்னும் போடல? யாருக்குக் காத்துக்கினு கீறாங்க?”

“எல்லம்மா அத்தைக்கும் நூர்ஜகான் அக்காவுக்கும்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அந்தக் கதவு திறக்கும், புடவை ஓரம் நனைந்த ஐந்து பேர் கனகாம்பர வாசனையோடு நுழைந்து ‘தள்ளுடி’ என்று என்னை இடிப்பார்கள் என்று, படித்த பெண்ணான நான், ஒரு கணம் முழுசாக நம்பினேன்.

அம்மா எழுந்தாள். சால்வை, தொப்பி, பொட்டலம் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு பின்வரிசையில் தனியாக இருந்த கிழவரைக் கைகாட்டி அழைத்தாள். “வா நைனா, இங்க வந்து குந்து. எடம் கீது.” வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். “உன்னத்தான்.” வந்தார். ஜாடையைப் பார்த்து ஓர் இளம் தம்பதி வந்தது, பிறகு ஒரு பெண்மணி. கடைசியில் கதவைச் சாத்திவிட்டு மொய்ராவே வந்து உட்கார்ந்தாள். விளக்குகள் மங்கத் தொடங்கின.

இந்தத் தியேட்டரில் இன்னும் இடைவேளை விடுகிறார்கள். “நாளைக்குக் கண்டிப்பா டிக்கெட்ட மாத்திடறேம்மா” என்றேன். இனியும் இழுத்தடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அம்மா ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். “அங்க போனா மட்டும் அவளுங்க பக்கத்துலயா கீறாளுங்க? எல்லம்மா வேற பிளாக்கு, ஏழாவது மாடி. லிஃப்ட் நின்னுட்சின்னா மாசத்துக்கும் அவ மூஞ்சியப் பாக்க முடியாது.” காலிக் கோப்பையை என் கையில் கொடுத்தாள். “அடுத்த சனிக்கிழம இன்னா படமாம், அந்தம்மாவக் கேளு.”

வெளியே வந்தபோது வெயில் கண்ணில் அறைந்தது. மேட்னி முடிந்து வருகிற அந்தக் கொஞ்ச நேரம், கண்ணிலிருந்து இருட்டு கழிகிறவரை, எந்த ஊரும் எந்த ஊராகவும் இருக்கலாம். அம்மா படியில் நின்று, நெற்றியில் கைவைத்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“வூடு எந்தப் பக்கம்டி?”

கடலும் என் அறையும் இருக்கிற இடப்பக்கம் என் கால் திரும்பியிருந்தது. கையோ, சைதாப்பேட்டையில் ஆற்றோரச் சந்துக்கு இறங்குகிற வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.