காப்பிக்கா, கஷாயத்துக்கா?

ராகேல் அக்கா இறந்த செய்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்து முடித்த நேரம், போடியிலிருந்து பஸ் ஏறி வந்த பேச்சியம்மாள் என் வகுப்பு வாசலில் நின்றாள். ஏலக்காய் ஸ்டோரில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கியவள்.

"டீச்சர், ராகேலக்கா தவறிட்டாக. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா தேனி டீச்சருக்குக் கண்டிப்பா ஆள் அனுப்பிச் சொல்லணும்னு முன்னமே சொல்லி வச்சிருந்தாக," என்றாள்.

எனக்கு. பதினான்கு வருஷமாக அவர் எதிரே வந்தால் தெருவைத் தாண்டி மறுபக்கம் போன எனக்கு.

முப்பதாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கப் போகிறோம், நீங்கள்தான் படித்தவர், நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஸ்டோர்ப் பெண்களாகிய நீங்கள் கேட்டீர்கள். அன்பானவர், உழைப்பாளி என்று எழுதி அனுப்பியிருக்கலாம். அப்படி இரண்டு தாள் எழுதிக் கிழித்தும் போட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றை மறைத்துவிட்டு அக்காவைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் இருவருடைய தகப்பன்மாரும் ஒரே சபை விசுவாசிகள். வெள்ளை உடுப்பு. நகை, பூ, ரேடியோ எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலான விலக்கு, மருந்து. காய்ச்சலோ காமாலையோ, ஜெபம்தான். மாத்திரை தொட்டவன் விசுவாசத்தை விட்டவன். அக்காவின் அப்பா தேனிக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். அங்கே தலைவலித் தைலம்கூடக் கிடைக்காது. சுக்கு கேட்டு யார் வந்தாலும், "காப்பிக்கா, கஷாயத்துக்கா?" என்று கேட்பார். கஷாயத்துக்கு என்றால் தரமாட்டார். சனங்கள் விவரமானவர்கள். இருமிக்கொண்டே வந்து, "காப்பிக்குத்தான் அண்ணாச்சி" என்று வாங்கிப் போவார்கள். கடைக்குள் பொட்டலம் மடிக்கிற அக்கா என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் சிரிப்பதற்கு எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அக்காவுக்குச் சபைக்குள்ளேயே கல்யாணம் ஆனது. தலைப்பிள்ளை ஆண். ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டு ஆறு நாள் கிடந்தான். நாங்கள் சுற்றி முழங்காலில் நின்று ஜெபித்தோம். ஏழாம் நாள் போய்விட்டான். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அக்கா எழுந்து, பிள்ளையை எடுத்துக்கொண்ட ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொன்னார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. விசுவாசம் என்றால் இதுதான் என்று பாஸ்டர் எல்லாருக்கும் காட்டிச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

இனிச் சொல்லப் போவதுதான் உங்களுக்குத் தெரியாதது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை, கல்வி ஆபீஸில் வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவேன். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் டப்பாவுக்குள் ஒளித்து வைப்பேன். அப்படி ஒரு சனிக்கிழமை, கையில் சீட்டோடு வரிசையில் நிற்கிறேன், பக்கத்து வரிசையில் ராகேல் அக்கா. தோளில் இரண்டாவது பிள்ளை லில்லி, துணியில் சுற்றி, காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். அக்கா என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த சீட்டையும் பார்த்தார். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறார் என்று. எங்கள் சபையில் வளர்ந்தவளுக்கு வேறெப்படி நினைக்க வரும்? ஒருவர் தப்பை ஒருவர் எழுந்து சொல்வதுதான் எங்களுக்குப் பழக்கம். யார் முதலில் சொல்கிறாரோ அவர் சுத்தம்.

மறுநாள் ஞாயிறு, சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். பஸ்ஸிலிருந்து பார்த்தேன், ராகேல் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனாக என்று சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. பாஸ்டர் அக்காவை எழுப்பி, உண்மையா என்று கேட்டார்.

"உண்மைதாங்கய்யா. ஊசி போட்டாக. பிள்ளை பொழச்சுக்கிட்டா," என்றார் அக்கா.

"அங்கே நம் விசுவாசிகள் வேறு யாரையாவது கண்டாயா?"

என் மூச்சு அப்போதே இழுக்கத் தொடங்கியது. அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இல்லைங்கய்யா. நம்ம ஆளுக ஒருத்தரும் அங்கன இல்ல," என்றார்.

தப்புக்கு வருந்துகிறாயா என்று மூன்று தரம் கேட்டார்கள். "பிள்ளை பொழச்சதுக்கு எப்படிங்கய்யா வருத்தப்படுறது?" என்றார் அக்கா. அன்றே, சபையார் அப்பமும் ரசமும் பகிர்கிற திருப்பந்தியிலிருந்து விலக்கினார்கள். இனி சபையார் அவரை வழியில் கண்டால் ஸ்தோத்திரம் சொல்லக்கூடாது, சேர்ந்து சாப்பிடக்கூடாது. புருஷன் சபையோடு நின்றுகொண்டார். அப்பா வீட்டுக் கதவும் சாத்தியாகிவிட்டது. அக்கா லில்லியைத் தூக்கிக்கொண்டு போடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கை உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்தது. முதல்முதலாக நீங்கள் கனகாம்பரம் வைத்துவிட்ட அன்று, யாரோ தலையில் கை வைத்திருப்பது போல இருக்கிறது என்று பொழுதுக்கும் தடவிப் பார்த்தாராம். மறுநாள் தானே கேட்டு வாங்கி வைத்தாராம். சினிமாவுக்கு இழுத்துப் போனால் பாதிப் படம் கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லுங்கடி" என்றாராம். சபைப் பாட்டை மட்டும் காய் பொறுக்கும்போது முணுமுணுப்பாராம். இன்னுமா அந்தச் சாமி என்று பேச்சியம்மாள் கேட்டதற்கு, "சாமி என்னைய விடலடி, சபைதான் விட்டுச்சு," என்றாராம். ஸ்டோரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் அவர்தான் முதலில் எழுந்து செருப்பை மாட்டுவாராம். "மொதல்ல ஊசி, அப்புறம் ஜெபம். ரெண்டுக்கும் நான் வாரேன்" என்பாராம்.

விலகிப் போகாமல் நான் அவரைக் கிட்டத்தில் கண்டது ஒரே ஒரு தடவை. நாலு வருஷத்துக்கு முன்னால் போடி பஸ் ஸ்டாண்டில் எனக்கு இழுப்பு வந்து, மூச்சு விடமுடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முதுகை ஒரு கை நீவியது. நிமிர்ந்தால் அக்கா. டீக்கடைக்குப் போய் ஒரு கிளாஸ் சுக்குக் காப்பி வாங்கி வந்து என் கையில் வைத்தார்.

"காப்பிக்குத்தான் தங்கம், கஷாயத்துக்கு இல்ல. பயப்படாமக் குடி," என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் ஒரு வெள்ளைச் சேலை தெரிந்தது. எனக்கு முன்னால் அக்கா பார்த்துவிட்டார். "உங்க சபை ஆளு வருது. நான் அங்கன தள்ளி நின்னுக்கிறேன்," என்று எழுந்து போனார். இரு அக்கா என்று நான் சொல்லவில்லை. பஸ் வந்ததும் ஏறி, அக்கா நின்றதற்கு எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். என்னை என்னவென்று சொல்ல?

அடக்கத்துக்குச் சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். லில்லி என்னிடம் வந்தாள். வளர்ந்துவிட்டாள், அக்காவின் அதே உதடு. "அம்மா உங்களுக்குச் சொல்லி அனுப்பச் சொல்லியிருந்தாக. நீங்க அம்மாவுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டாள்.

"ஒரே ஊரு," என்றேன்.

மண் மூடாத குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் எனக்குப் பொய்தான் வந்தது. லில்லி, இந்த மலரை நீ படிப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை. உன் அம்மாவைச் சபையில் காட்டிக் கொடுத்தவள் நான். அதே வரிசையில் மருந்துக்கு நின்றவளும் நான். உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று வெளியே நின்றிருப்பது நானும்தான். அவர் சொல்லவில்லை. சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. நீ கேட்ட கேள்வியிலிருந்து அது எனக்குத் தெரிந்தது. இதில் ஒரு பிரதியைச் சபைக்கும் அனுப்பச் சொல்லி, என் பெயரை முழுதாகக் கீழே போடச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவர் அப்பா கேட்ட அந்தக் கேள்விதான். அதற்கு நான் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. போன வாரம் கடைவீதிக்குப் போனேன். பழைய கடை கைமாறி, புது ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது கிராம் சுக்கு கேட்டேன். அவர் எதுவும் கேட்காமல் நிறுத்துப் பொட்டலம் மடித்தார்.

"கஷாயத்துக்கு," என்றேன், நானாகவே.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கா இருந்தா என்னம்மா, சுக்கு ஒண்ணுதான்," என்று சொல்லிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.