பிணத்துக்கு வசனம் கிடையாது

ஞானப்பிரகாசம் அவர்கள் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் திரைப்படச் சங்கத்தின் காரியதரிசி வரதராஜன் அவர்கள். காலை காபி நேரத்தில் தொலைபேசி வந்தது. “உங்க ஹாலிவுட்காரர் போயிட்டாராம் சார். ஜீவனஹள்ளிலேர்ந்து அவர் பொண்ணு போன் பண்ணினா,” என்றார். நான் பதில் சொல்வதற்குள், சங்கத்தின் மாத இதழுக்கு ஓர் அஞ்சலி வேண்டும் என்றும், உருக்கமாக இருந்தால் நல்லது என்றும் கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட ஒருவர் உறுப்பினராக இருந்தது சங்கத்துக்கே பெருமை என்றும் சேர்த்துக்கொண்டார். காரியதரிசி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அதுவே முதல் முறை. அதற்கு ஞானப்பிரகாசம் அவர்கள் இறக்க வேண்டியிருந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரகாசம் அவர்கள் எங்கள் ஊர்க் கன்டோன்மென்ட் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர். இளம் வயதில் ஒரு சரக்குக் கப்பலின் சமையலறையில் சேர்ந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் உருளைக்கிழங்கு வாங்க இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. அகன்ற தோளும் பழுப்பு நிறமும் அவரை ஒரு பெரிய ஸ்டுடியோவின் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்நாளில் ஸ்டுடியோக்கள் நடிகர்களை ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. கொடுத்த வேடத்தைப் போட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. பிரகாசம் அவர்கள் அரபியராக, மெக்சிகோக்காரராக, செவ்விந்தியராக, ஒரு முறை சீனராகக்கூட நடித்தார். இந்தியராக மட்டும் நடிக்க விடவில்லை. அந்த வேடங்களுக்கு முகத்தில் மை பூசிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். “என் கலர் போதலேன்னுட்டாங்க மேன்,” என்பார்.

வேடம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். படம் தொடங்கிய சற்று நேரத்தில் செத்துவிடுவார். குதிரையிலிருந்து, கோட்டைச் சுவரிலிருந்து, ஒட்டகத்திலிருந்து விழுந்து செத்தார். திரையில் பெயர் வராது. வாய் திறந்து ஒரு வாக்கியமாவது பேசியவருக்குத்தான் பெயர் என்பது அந்த ஸ்டுடியோவின் வழக்கம். இங்கே அவருடைய அக்காள் தெருவார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தம்பியின் படங்களுக்குப் போவார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் தம்பி பெயர் வரும் என்று உட்கார்ந்திருப்பாராம். கூட வந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் பிரகாசம் அவர்கள் ‘மேன்’ சேர்க்கமாட்டார்.

பல ஆண்டுகள் செத்த பிறகு அவருக்கு ஒரு வசனம் கிடைத்தது. குத்துப்பட்ட கோட்டைக் காவலர், உயிர் போகுமுன் சொல்கிறார்: “கதவைத் திறக்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள்.” அதை அவர் குளிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் சொல்லிப் பார்த்தார். அக்காளுக்குத் தந்தியும் கொடுத்துவிட்டார்.

படப்பிடிப்பு அன்று கதாநாயகர் வந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பிரகாசம் அவர்கள் வாழ்நாள் முழுவதும் அதை உச்சரிக்கவில்லை. ‘லெஃப்ட் சைடு’ என்றே குறிப்பிடுவார். அந்த நடிகரின் இடது கன்னத்தை மட்டுமே படம் பிடிக்கலாம் என்பது ஒப்பந்தம். தேவைப்பட்டால் அரண்மனையைப் பிரித்து எதிர்ப்பக்கம் கட்டுவார்கள், கன்னத்தைத் திருப்பமாட்டார்கள். அவர் காட்சியைக் கேட்டுவிட்டு, “பிணத்துக்கு எதற்கு வசனம்?” என்றார். டைரக்டர் யோசித்து, அதுவும் சரிதான் என்றார். வசனம் நாயகருக்குப் போயிற்று. காவலர் சொல்லாமலே எதிரி உள்ளே வந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிரகாசம் அவர்கள் சொன்ன இடத்தில் விழுந்து செத்தார். நாயகர் அவருடைய தலையை மடியில் ஏந்தி, இடது கன்னத்தைக் கேமராவுக்குக் கொடுத்து, கண் கலங்கி வசனம் பேசினார். அவர் ஒவ்வொரு வார்த்தையைத் தொடங்குமுன்னும், மடியில் கிடந்த பிணம் ஒரு நொடி முந்தி அதே வார்த்தைக்கு ஓசையில்லாமல் வாயசைத்தது. பிணம் எடுத்துக் கொடுக்க, நட்சத்திரம் ஒப்பித்தது. எந்த டேக்கைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பக் கூடாது என்று எல்லா டேக்கிலும் இதைச் செய்தார். அங்கே அத்தனை பேரும் கன்னத்தைத்தான் பார்த்தார்கள். படம் அப்படியே வெளிவந்து உலகம் சுற்றியது.

தொலைக்காட்சி வந்து ஸ்டுடியோக்கள் ஆட்களைக் கழித்தபோது பிரகாசம் அவர்கள் ஊர் திரும்பினார். ஓர் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றார். மனைவி காலமான பிறகு, 1991-ஆம் ஆண்டில், எங்கள் சங்கத்தில் சேர வந்தார். அந்தப் படத்தில் தாமும் நடித்திருப்பதாகச் சொன்னார். வரதராஜன் அவர்கள் அதன் கதாநாயகரின் பரம பக்தர். அவருடைய படங்களைப் பற்றி ஆண்டுதோறும் சொற்பொழிவு செய்பவர். அவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: “பேர் எங்கே சார் வரது? ஆதாரம் ஏதாவது இருக்கா?” இல்லை என்றார் பிரகாசம். அன்று முதல் சங்கத்தில் அவருக்கு ‘ஹாலிவுட்’ என்று பெயர். யாராவது புளுகினால் ‘ஹாலிவுட் விடாதே’ என்பது எங்கள் வழக்கில் சேர்ந்துகொண்டது. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “பத்திரிகையிலே ஒரு வரி மேன். அந்தப் படத்திலே நடிச்சவன்னு என் பேரு. அக்கா போய்ச் சேர்ந்துட்டா, பரவாயில்லே. நான் பார்த்துட்டுப் போறேன்.”

பிறகு காரியதரிசியின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து அந்தப் படத்தின் வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிறு மாலை, நீண்ட முன்னுரைக்குப் பின் திரையிட்டார்கள். கோட்டைக் காட்சி வந்ததும் பிரகாசம் அவர்கள் எழுந்து, “மூஞ்சியைப் பார்க்காதீங்க. மடியைப் பாருங்க,” என்றார். பார்த்தோம். கூடம் முழுவதும் சிரித்தது. ரீவைண்ட் செய்து பார்த்து, மறுபடியும் சிரித்தது. உலகத்தின் மாபெரும் நடிப்பு என்று சற்றுமுன் எங்களுக்கு விளக்கப்பட்ட கண்ணீர், ஒரு பிணத்திடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது.

காரியதரிசி விளக்கைப் போடச் சொன்னார். “அது வாயசைக்கறது வாஸ்தவம். அது நீங்கதான்னு யார் சொன்னா? மூஞ்சி பூரா தாடி.” எண்பதை நெருங்கிய பிரகாசம் அவர்கள், வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, டிவிக்குக் கீழே தரையில் விழுந்தார். தோள் முதலில், பிறகு இடுப்பு, தலை மெதுவாக ஒருக்களித்து. மேலே திரையில் உறைந்து நின்ற காவலரின் கை மடங்கிய விதத்தில் கீழே இவர் கை மடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள், காரியதரிசியைத் தவிர.

அடுத்த இதழில், தொழில்நுட்பக் கோளாறால் திரையிடல் தடைப்பட்டதாக ஒரு குறிப்பு வந்தது. பிரகாசம் அவர்களின் உறுப்பினர் பதிவு அந்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. நான் போய்க் கேட்டபோது, சங்கத்துக்கு ஒரு கௌரவம் இருக்கிறது என்று பதில் வந்தது. பிரகாசம் அவர்கள் சாகும்வரை அந்த ஒரு வரிக்காக மாதாமாதம் இதழை என்னிடம் வாங்கிப் பார்த்தார்.

கல்பள்ளிக் கல்லறைக்குக் காரியதரிசி மலர் வளையத்துடன் வந்திருந்தார். ஜெபம் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து உரையை எடுத்தார். பிரகாசம் அவர்களின் மகள் ஸ்டெல்லா குரலை உயர்த்தாமல் கேட்டார்: “பெட்டிக்குள்ளே இருக்கறது எங்க அப்பாதான்னு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா, அங்கிள்?” உரை பைக்குள் திரும்பிப் போயிற்று.

இக்கட்டுரையைக் காரியதரிசி திருத்துவாரோ என்று சில நண்பர்கள் கவலைப்பட்டார்கள். கவலை வேண்டாம். இதே பக்கத்தில் அவருடைய புகைப்படமும் வருகிறது. அச்சுக்குப் போகுமுன் அவர் அதை மட்டும்தான் பார்ப்பார். ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன்: அந்தப் படத்தில் கோட்டைக் காவலராக நடித்தவர் ஞானப்பிரகாசம்.

மண் மூடியதும், கல்லறையில் பெயர் எழுதும் பெயின்டர் சிலுவையில் வெள்ளை எழுத்துகளை எழுதினார். பெயருக்குக் கீழே ‘நடிகர்’ என்று எழுதச் சொன்னார் ஸ்டெல்லா. மலர் வளையத்தை அந்தச் சிலுவையில்தான் மாட்ட வேண்டும். மழை மூட்டம், பெயின்ட் லேசில் காயவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வளையத்தை இரு கைகளாலும் பிடித்தபடி, எதிரே இருந்த அந்தச் சொல்லைப் படித்துக்கொண்டு காரியதரிசி காத்திருந்தார்.

பிரகாசம் அவர்களே, எழுந்து இன்னொரு முறை சாகச் சொல்ல இனி யாருமில்லை. நீங்கள் நிம்மதியாகப் படுத்திருங்கள். அவர் நிற்கட்டும்.